டியூட்டி சார்ட்டில் தொடங்கும் நோய்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல், அதாவது 'கேஸ்'. கழுத்திலிருந்து தோள்பட்டை வரை பிடிப்பு. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்புத் தட்டி, விடியும்வரை புரண்டுகொண்டே கிடப்பது. முதலாவதுக்கு மருந்துக் கடையில் கேப்ஸ்யூல், இரண்டாவதுக்குத் தைலம், மூன்றாவதுக்கு மொபைல் என்று தனித்தனியாகச் சமாளிக்கிறோம். மூன்றும் ஒரே ஆளுக்கு, ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்திருக்கிறதே என்று சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

வேலை நெருக்கும்போது அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்கள் ஏறுவது கோளாறு இல்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, தூங்கி எழும்போது அவை இறங்கிவிட்டால் சேதமில்லை. இறங்குவதற்குள் அடுத்த டியூட்டி தொடங்கிவிட்டால்தான் சிக்கல். ஏறிய நிலையே வழக்கமான நிலையாகிவிடும். பிரஷர் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், சுகர் கட்டுக்குள் வராது, தூக்கம் மேலோட்டமாகவே இருக்கும். அதனால் எவ்வளவு வேலை என்பதைப் போலவே, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் உடம்பு மீள எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதும் முக்கியம். அந்த இடைவெளியைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் தொழிலாளி இல்லை, டியூட்டி சார்ட் போடுகிறவர்தான். வேலை அழுத்தம் பற்றிய அறிவுரைகளை எல்லாம் தொழிலாளியின் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இது வெறும் கருத்து இல்லை. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது: வேலைப் பளு அதிகமாக இருந்து, அதை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும் இடத்தில்தான் உடம்பு அதிகம் கெடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கூட்டு மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். இந்த 55ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குமரி மாவட்டத்தில் பல வேலைகளில் அந்த எண்ணைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறோம்.

நோய்க்கு முன்னால் குறைவது

பிரஷர் மாத்திரை தொடங்கும் நாளுக்கு வெகு முன்பே ஒன்று குறையத் தொடங்கியிருக்கும். வேலை செய்யும் திறன்தான் அது. பில் போடும்போது ஒரு வரி விட்டுப்போகும். வழக்கமாக அரை மணி நேரத்தில் முடியும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பொறுமையாகப் பேசுகிறவர் வாடிக்கையாளரிடம் வெடுக்கென்று பதில் சொல்வார். 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் எட்டிப் பார்க்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வுக்குச் சொன்ன மூன்று அடையாளங்களும் ஏறத்தாழ இவைதான்: தீராத அசதி, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்யும் வேலையின் தரம் குறைவது.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃபின்லாந்தின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தில் 1980களில் உருவாக்கிய ஒரு வினாத்தாள் இருக்கிறது. முழு வினாத்தாளில் ஏழு பகுதிகள், 7 முதல் 49 வரை மதிப்பெண். அதன் முதல் கேள்வி ஒன்றே அன்றாடத்துக்குப் போதும்: 'உங்கள் வாழ்நாளில் நீங்கள் மிக நன்றாக வேலை செய்த காலத்துக்கு 10 மதிப்பெண் என்றால், இப்போதைய திறனுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?' 8, 9 என்றால் நல்ல நிலை. 6, 7 என்றால் நடுத்தரம், கவனிக்க வேண்டும். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் இப்போதே ஏதாவது மாற்ற வேண்டும்.

மாதத்தில் ஒரு நாள், சம்பள நாளில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, காலண்டரில் அந்த எண்ணை எழுதுங்கள். ஒரு மாத எண்ணைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. மூன்று மாதமாக 8, 7, 6 என்று இறங்கினால் அதுதான் எச்சரிக்கை. மேலாளர்கள் இதைக் கேட்பதாக இருந்தால் பெயர் எழுதாமல் கேளுங்கள். பெயர் கேட்டால் எல்லாரும் 9 என்றுதான் எழுதுவார்கள்.

நர்ஸ்களின் எட்டு நாள் கணக்கு

குமரி மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை, நர்ஸ் படித்தவர்களுக்கும் குறைவில்லை. பல இடங்களில் ஷிஃப்ட் இப்படி ஓடுகிறது: காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8. காலையும் மதியமும் ஆறு மணி நேரம், நைட் பன்னிரண்டு. வாரம் ஒரு ஷிஃப்ட் என்று சுற்றினால் முதல் இரண்டு வாரம் 36 மணி நேரம், நைட் வாரம் 72 மணி நேரம். சராசரி போட்டால் 48 வரும், தாளில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் உடம்பு சராசரியில் வாழ்வதில்லை. அந்த 72 மணி நேர வாரத்தை அது முழுதாகச் சுமக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஹேண்ட் ஓவருக்கு, அதாவது அடுத்து வருகிறவரிடம் வார்டை ஒப்படைக்க, அரை மணி நேரம் ஆனால் இன்னும் 3 மணி நேரம் கூடும், அது எந்தக் கணக்கிலும் வராது.

ஒரு வார்டில் எல்லா ஷிஃப்டிலும் இரண்டு பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு ஷிஃப்ட் இடங்கள், வாரத்துக்கு 42. ஒருவர் வாரம் ஆறு ஷிஃப்ட் பார்த்தால் ஏழு பேர் தேவை. இதையே எட்டு நாள் சுற்றாக மாற்றிப் பாருங்கள்: இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு நைட், ஒரு நாள் தூக்கத்துக்கு, ஒரு நாள் நிஜமான ஆஃப். ஒருவர் எட்டு நாளில் ஆறு ஷிஃப்ட், 48 மணி நேரம், அதாவது வாரத்துக்கு 42. எட்டுப் பேர் ஒவ்வொரு நாள் தள்ளித் தொடங்கினால் எல்லா ஷிஃப்டிலும் இரண்டு பேர் சரியாக நிற்பார்கள். மோசமான சார்ட்டுக்கும் நல்ல சார்ட்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு நர்ஸின் சம்பளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வேலையை விட்டுப் போவதும், புதிதாக வருகிறவருக்கு வார்டைப் பழக்குவதும், மருந்து மாறிப்போவதும் அந்தச் சம்பளத்தைவிட அதிகச் செலவு என்பதை நிர்வாகங்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

சுற்றின் திசையும் முக்கியம். காலை, மதியம், நைட் என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது, முன்னால் இழுப்பதைவிட எளிது. நைட், மதியம், காலை என்று பின்னோக்கிப் போடும் சார்ட்தான் ஆளை அடித்துப் போடுகிறது. இரவு 8 மணிக்கு முடித்தவரை மறுநாள் காலை 8 மணிக்குக் கூப்பிட்டால், தாளில் 12 மணி நேர இடைவெளி தெரியும். எட்டரைக்கு வார்டை விட்டுக் கிளம்பி, கருங்கலுக்கோ குலசேகரத்துக்கோ பஸ் பிடித்து, சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை. காலையில் ஐந்தரைக்கு எழ வேண்டும். மிஞ்சுவது ஆறு மணி நேரம்.

நைட் முடிந்த நாளை ஆஃப் என்று சார்ட்டில் எழுதுவது இன்னொரு பரவலான தவறு. அன்று காலை எட்டு மணி வரை வேலை பார்த்திருக்கிறார். அது தூங்கும் நாள். அதற்கு அடுத்த நாள்தான் ஆஃப்.

நைட் பார்க்கிறவர்கள் தங்கள் பக்கத்தில் செய்யக் கூடியவை சில உண்டு. முதல் நைட்டுக்கு முன்னால் மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். நடு இரவிலிருந்து விடியும்வரை குடல் மெதுவாக வேலை செய்யும் நேரம், அப்போது புரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால் நெஞ்செரிச்சல் உறுதி. பசித்தால் ஆவிச்ச ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), கொஞ்சம் நிலக்கடலை போதும். சாயா, காபி இரவு இரண்டு மணியோடு நிற்கட்டும். காஃபீனில் பாதி வெளியேறச் சுமார் 5 மணி நேரம் ஆகும், நாலு மணிக்குக் குடித்த சாயா காலை ஒன்பது மணித் தூக்கத்தைக் கெடுக்கும். கூட இருப்பவரோடு முறை வைத்து, இரண்டிலிருந்து நாலுக்குள் 20 நிமிடம் கண்ணயர முடிந்தால் பெரிய உதவி. ஆனால் எழுந்தவுடன் ஊசி போடவோ மருந்து கலக்கவோ போகக் கூடாது. முகம் கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து, தெளிவு வந்த பிறகுதான்.

வீட்டுக்கு ஸ்கூட்டியில் போவதுதான் இதில் மிக ஆபத்தான பகுதி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல் ஆகிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். காலையில் எழுந்து, பகலில் தூங்காமல் நைட் பார்த்தவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு 24 மணி நேரத்தைத் தாண்டியிருப்பார். நைட் அன்று பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவது, அல்லது வீட்டிலிருந்து யாராவது கூட்டிப் போவது நல்லது. அதற்கு வழியில்லை என்றால், நர்ஸஸ் ரூமில் 20 நிமிடம் தூங்கிவிட்டு வண்டியை எடுங்கள்.

பகல் தூக்கத்துக்கு வீட்டார் ஒத்துழைப்பு வேண்டும். 'பகல்ல என்ன தூக்கம், பிள்ளைக்குச் சோறு குடு' என்று மாமியார் சொல்வது கொடுமையால் அல்ல, நைட் டியூட்டி என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லாததால். ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை கதவைத் தட்டக் கூடாது என்று வீட்டில் எல்லாரையும் வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் சைலண்டில், அவசரத்துக்கு ஒரே ஒரு எண் மட்டும் ஒலிக்கும்படி. கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் நடக்கும் நாட்களில் ஸ்பீக்கர் சத்தம் தாங்காது, மருந்துக் கடையில் காதடைப்பான் கிடைக்கும். கடைசி நைட் முடிந்த பிறகு மட்டும் மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் எழுந்து, இரவு ஒன்பதுக்குப் படுத்தால் பழைய நேரத்துக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

களியக்காவிளையைத் தினமும் தாண்டுகிறவர்கள்

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில், குறிப்பாகக் கழக்கூட்டம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில், வேலை பார்த்துக்கொண்டு தினமும் வீடு திரும்புகிறவர்கள் இங்கே நிறைய. நாகர்கோவிலிலிருந்து வீட்டு வாசல் முதல் அலுவலக நாற்காலி வரை ஒரு பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து, வாரத்துக்கு 25 மணி நேரம். அலுவலக நேரம் 45 என்றால் மொத்தம் 70. சம்பளச் சீட்டில் 45தான் தெரியும்.

ரயிலில் தூங்கிக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. குழித்துறையில் கூட்டம் ஏறும்போதும் பாறசாலையில் நிற்கும்போதும் முழிப்பு வரும். துண்டு துண்டான தூக்கத்தில் அசதி கொஞ்சம் குறையும், மனம் தெளியாது. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவது பெண்களிடம் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் அது நேர் வழி. அலுவலகம் சேர்ந்ததும் அரை லிட்டர், பகலில் ஒரு லிட்டர், கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு கடைசிக் கால் லிட்டர், ஏறுவதற்கு முன் கழிப்பறை. இப்படி வகுத்துக்கொண்டால் தாகமும் இருக்காது, பயமும் இருக்காது. மீதியை வீட்டில் குடித்துக்கொள்ளலாம்.

பெரிய மாற்றம் வேண்டுமென்றால் பயண நாளைக் குறைக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கிடைத்தால் 10 மணி நேரம் திரும்பி வருகிறது, ஒரு முழு இரவுத் தூக்கத்தைவிட அதிகம். செவ்வாயும் வியாழனும் என்று பிரித்துக் கேளுங்கள். வெள்ளியும் திங்களும் கேட்டால் மேலாளருக்குச் சந்தேகம் வரும். தொடர்ந்து மூன்று பயண நாட்கள் வராமல் நடுவில் ஓய்வு விழுவதுதான் உடம்புக்கும் நல்லது. அது கிடைக்காவிட்டால் இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து திங்கள் முதல் வியாழன் வரை அங்கே அறை எடுப்பது. குழந்தை சின்னதாக இருக்கும் வீடுகளில் இது நடக்காது, தெரியும். அப்போது குறைக்க வேண்டியது ராத்திரி நேர மீட்டிங். ஒன்பதரை மணி அமெரிக்க மீட்டிங்கில் உங்கள் பங்கு உண்மையிலேயே தேவையா, குறிப்பைக் காலையில் படித்தால் போதாதா என்று கேட்கலாம். ஐந்து மீட்டிங்கில் மூன்று விடுபட்டாலே தூக்கம் மாறும்.

நின்றே தீரும் பொழுது

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விற்பனைப் பணியாளர்களின் கதை வேறு. மற்ற ஊர்களில் தீபாவளியோடு சீசன் ஓயும். இங்கே ஓணத்தில் தொடங்கி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஆகஸ்டிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஓய்வதே இல்லை. 'சீசன் முடிஞ்சு லீவு பார்ப்போம்' என்ற வாக்கு ஐந்து மாதம் தள்ளிப்போகிறது. கூடுதலாக வேலை வாங்கிய நாளுக்கு மாற்று ஆஃபை இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஓணம் முடிந்த பத்து நாளும், தீபாவளி முடிந்த பத்து நாளும் கடையில் கூட்டம் குறையும். முறை வைத்து ஆளுக்கு இரண்டு நாள் அனுப்பினால் டிசம்பரில் ஆள் தெம்பாக நிற்பார். லீவைப் பணமாகக் கொடுத்தால் கடன் அடையும், கால் வீக்கம் வடியாது.

சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். கேரளம் 2018இல் கொண்டுவந்த உட்காரும் உரிமை, 2021இல் நம் சட்டத்திலும் சேர்ந்தது. ஆனால் நாற்காலியைக் குடோனில் போட்டுவைத்தால் யாருக்கும் பயனில்லை. இரண்டு கவுண்ட்டருக்கு நடுவில், கை எட்டும் தூரத்தில், பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் இருக்கக் கூடிய உயரமான ஸ்டூல் வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தவரை முறைக்காத மேற்பார்வையாளரும் வேண்டும், அவர் ஸ்டூலைவிட முக்கியம்.

சேலைப் பிரிவில் செருப்பில்லாமல் கிரானைட் தரையில் நிற்பதால் குதிகால் வலி வரும். நிற்கும் இடத்தில் ரப்பர் மேட் விரித்தாலே குறையும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்கினால் கெண்டைச்சதை ரத்தத்தை மேலே தள்ளும், கணுக்கால் வீங்காது. ராத்திரி பத்து நிமிடம் சுவரில் கால்களைத் தூக்கி வையுங்கள். நரம்பு புடைத்து, தோல் கறுக்கத் தொடங்கியிருந்தால் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்ட வேண்டும், எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டம் ஏறுகிறார்கள், வெயில் ஏறும் முன்தான் பால் நன்றாக ஓடும். அவர்களுக்குத் தூக்கம் கெடுவது காலையில் இல்லை, முந்தின நாள் இரவு எட்டரைக்குப் படுக்க வீடு விடாததால். அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, அக்காமார்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. யாரும் விரட்டுவதில்லை, ஆனால் எழுந்து தண்ணீர் குடித்தால் கூலி குறையும் என்பதால் எழவே மாட்டார்கள். இந்த வகை நெருக்கடிக்கு இடைவேளையைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பதுதான் மருந்து.

வீட்டையும் பேச வேண்டும். கணவர் வளைகுடாவிலோ கடலிலோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு ஆறு மணிக்குத் தொடங்குகிறது அடுத்த ஷிஃப்ட்: சமையல், பிள்ளையின் பாடம், மாமனாரின் இன்சுலின், வீட்டுக் கடன் தவணை. கிடைக்கிற ஒரே ஆஃபும் கல்யாண வீடு, பால் காய்ச்சு, துக்க வீடு என்று போய்விடும். எல்லா விசேஷத்துக்கும் எல்லாரும் போக வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும் என்று முறை வைத்துக்கொண்ட குடும்பங்களில் யாரும் உறவை இழந்துவிடவில்லை. மாதத்தில் இரண்டு ஆஃபாவது எந்த ஊர்வேலையும் இல்லாமல் இருக்கட்டும்.

அழுத்தம் என்று முடிவு கட்டும் முன்

அசதி எல்லாமே மன அழுத்தம் இல்லை. வேலைத் திறன் 6க்குக் கீழே இறங்கிய பெண்கள் முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டு டி.எஸ்.எச். அளவும் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆண்களில் குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று கேட்க வேண்டும். சுகரை எல்லாரும் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமே பிரஷரும் சுகரும் பார்க்கலாம். அவர் வரும் நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள் என்றால் ஆஃப் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பிரஷரை ஓடிப்போய் உட்கார்ந்ததும் பார்க்கக் கூடாது. அரை மணி நேரம் முன்பு வரை சாயா, காபி, சிகரெட் கிடையாது. முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கை இதய உயரத்தில் இருக்க ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வீட்டில் தொடர்ந்து 135/85க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நைட் முடிந்த காலையில் எடுத்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நன்றாகத் தூங்கிய நாளிலும் எடுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை என்றால் கேஸ் என்று இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துக் காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுங்கள். கேஸ்தான் என்று தெரிந்தால் நல்லது, திரும்பி வரலாம்.

தூக்கத்துக்கு இரண்டு பெக் என்பது பலனில்லாத வழி. சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் எழுப்பிவிடும். தெரிந்த மருந்துக் கடையில் வாங்கும் அல்பிரசோலம் அதைவிட மோசம். சில வாரத்திலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் அன்றைக்கே பேசுங்கள்.

மேலாளரிடம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. 'முடியல மேடம், ரொம்ப கஷ்டமா இருக்கு' என்று போனால் 'எல்லாருக்கும்தான்' என்ற பதிலோடு முடிந்துவிடும். நாலு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: டியூட்டி தொடங்கியது, உண்மையில் முடிந்தது, தூங்கிய மணி நேரம், அன்று நடந்த தவறு அல்லது நூலிழையில் தப்பியது. பிறகு ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள், ஒரு மாதச் சோதனையாக. 'மேடம், மதியம் முடிஞ்ச மறுநாள் மார்னிங் போட வேண்டாம். ஒரு மாசம் பார்ப்போம், வார்டுக்குக் குறை வந்தா பழையபடி மாத்திக்கிடலாம்' என்றால் மறுப்பது கடினம். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தால் இன்னும் கடினம். ஐந்து குறையை ஒரே நாளில் அடுக்கினால் ஐந்தும் போய்விடும். நிர்வாகம் யோகா வகுப்போ உற்சாகப் பேச்சோ ஏற்பாடு செய்தால் நல்லதுதான், ஆனால் அது டியூட்டி நேரத்துக்குள் நடக்க வேண்டும். நைட் முடித்தவரை ஒன்பது மணி வகுப்புக்கு நிறுத்திவைத்தால் அதுவே இன்னொரு பளு.

உடம்பு படுத்தேவிட்டால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டை மறக்காதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சந்தா பிடிக்கப்பட்டு, உரிய ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் வேலை செய்திருந்தால், மருத்துவச் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். முதல் இரண்டு நாள் கணக்கில் வராது. சான்றை உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும், தனியார் டாக்டரின் சீட்டை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பணம் தாமதமாகும். சந்தா உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று நன்றாக இருக்கும்போதே இணையதளத்தில் பார்த்து வையுங்கள்.

திரும்பி வேலைக்கு வரும் முதல் இரண்டு வாரம் நைட் வேண்டாம், ஓவர்டைம் வேண்டாம். முடிந்தால் முதல் வாரம் அரை நாள். காய்ச்சல் போனதும் திறனும் திரும்பிவிட்டது என்று நினைத்து முதல் நாளே முழு வார்டையும் கொடுப்பதால்தான் பலர் இரண்டாவது மாதத்தில் மறுபடி படுக்கிறார்கள். நாலாவது வாரம் அந்தப் பத்து மதிப்பெண் கேள்வியைக் கேட்டு, 7க்கு மேல் வந்த பிறகு ஒரு நைட் போட்டுப் பாருங்கள். மறுநாள் தூங்கி எழுந்ததும் தெளிவாக இருந்தால் அடுத்த சுற்றில் இரண்டாக்கலாம்.